இந்த டயர் போகும் வரைக்கும்

காலையில் எழுந்ததும் என் கட்டை விரலுக்கு இரண்டு வேலை. முதல் வேலை என் மனைவியின் இடது கை. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ஆபரேஷன் செய்து நரம்பைச் சேர்த்துத் தைத்த இடம் அங்கே இருக்கிறது. அதன் மேல் விரலை வைத்தால், உள்ளே எங்கோ ஒரு சின்ன மில் ஓடுவது போல அதிரும். அதிர்ந்தால் நல்லது. அதிரவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். நான் வைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். இரண்டாவது வேலை என் பைக். பின் டயரின் பள்ளத்தில் அதே விரலை விட்டு, நகம் எவ்வளவு தூரம் புதைகிறது என்று பார்ப்பேன். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் பார்ப்பேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம் அதிகம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதற்கு வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. கணக்கு வாத்தியார் என்னை எழுப்பிக் கேட்டுவிடுவாரோ என்று பயம். ஒரு நாள் போகவில்லை, மறுநாள் போக இன்னும் பயமாக இருந்தது, அப்படியே நின்றுவிட்டது. பிறகு அடிவாரத்தில் ஒரு மாவு மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணம் ஆன பிறகு மலைக்கு மேலே புதூர்நாட்டுக்கு வந்து, சாமை குத்தும் மில் ஒன்றைச் சொந்தமாக வைத்தேன். மில்லையும் நான் பயத்தோடுதான் ஓட்டுகிறேன். பெல்ட் அறுந்துவிடுமோ, கரண்ட் கூடிவிடுமோ, யாராவது புடவை முந்தானையோடு கிட்டே வந்துவிடுவார்களோ. அவள் சொல்வாள், "நீ மில்லு ஓட்டல, மில்லுக்குக் காவல் கீற." கோபம் வந்தால் நீ, மற்ற நேரத்தில் நீங்க.

அவளுக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது என்று வேலூரில் சொன்ன நாளில் நான் பயப்படவில்லை. அழவும் இல்லை. திரும்பி வரும்போது பஸ் ஜன்னலின் கண்ணாடி கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. டிக்கெட்டை மடித்து இடுக்கில் செருகினேன். சத்தம் நின்றது. அந்த நாளில் எனக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான். அன்றைக்கு ஏதோ மரத்துப்போனது, இன்னும் சரியாகவில்லை. பயம் மட்டும் போகவில்லை. பெரிய விஷயத்தை விட்டுவிட்டு சின்னச் சின்ன சாமான்களில் போய் ஒட்டிக்கொண்டது. டயர் அதில் ஒன்று.

வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மலையில் பஸ் சொற்பம். ஜீப் ஆள் நிரம்பினால்தான் கிளம்பும், நிரம்பின பிறகும் இன்னும் நாலு பேரை ஏற்றும். டயாலிசிஸ் மிஷினில் படுக்கிற நேரம் ஜீப்புக்காகக் காத்திருக்காது. கீழேயே வாடகைக்கு வீடு பார்க்கலாம் என்றால் மில்லை யார் ஓட்டுவது? அதனால் பைக்தான்.

முதலில் பழைய சின்ன வண்டியில்தான் போய் வந்தோம். டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவளுக்குப் பிரஷர் இறங்கியிருக்கும், கண் சொருகும். இடது கையை அழுத்தக்கூடாது, அதனால் என்னை இறுக்கிப் பிடித்துக்கொள்ளவும் முடியாது. ஒரு துண்டை அவள் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து என் வயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொள்வோம். எங்கள் மலையில் நோயாளியை அப்படித்தான் இறக்குவார்கள். ஏழாவது வளைவில் ஒரு தடவை அவள் முழுசாகச் சாய்ந்துவிட்டாள். முடிச்சு என் தொப்புளுக்கு மேல் ஏறி மூச்சை அடைத்தது. அதற்குப் பிறகு அந்த வண்டி வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

வாணியம்பாடியில் ஒருவர் தூரப் பயணம் போவதற்கென்று வைத்திருந்த பெரிய வண்டியை விற்கிறார் என்று கேள்விப்பட்டு வாங்கினேன். அகலமான சீட், பின்னால் சாய்ந்துகொள்ள மெத்தை வைத்த கம்பி, இரண்டு பக்கமும் பெட்டி. ஒரு பெட்டியில் அவள் போர்வையும் தலையணையும், இன்னொன்றில் சோற்று டப்பா. லடாக்குக்குப் போகிற வண்டியாம், விற்றவர் சொன்னார். நான் திருப்பத்தூருக்குப் போகிறேன் என்றேன்.

இந்த வண்டியில் எனக்குக் கிடைத்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இறங்கும்போது நான் இன்ஜினை அணைத்துவிடுவேன். மலையில் எல்லோரும் செய்வதுதான், ஜீப்காரர்கள் டீசலுக்காகச் செய்வார்கள். நான் அதற்காக இல்லை. பெரிய வண்டியின் சத்தம் அவள் தலைக்குள் இடிக்கிறது என்றாள், அதனால் ஆரம்பித்தேன். இன்ஜின் நின்றதும் டயர் ரோட்டில் உருளும் சத்தம், காற்று, எங்காவது ஒரு பறவை, அவ்வளவுதான். அப்போது அவள் பேசுவாள். வீட்டில் அவள் அதிகம் பேசுவதில்லை. தாகம் அவளைப் பேசவிடாது. ஒரு நாளைக்குக் குடிக்கிற தண்ணீர் ஒரு சொம்புக்குள் அடங்க வேண்டும். ஏறி வரும்போது தூங்கிவிடுவாள். மலை இறங்குகிற அந்த நேரம் மட்டும், என் முதுகுக்குப் பின்னால், ஏதாவது சொல்லிக்கொண்டே வருவாள். பலாப்பழம் எந்த மரத்தில் எத்தனை தொங்குகிறது, யார் வீட்டுச் சுவர் புதுசாகப் பூசியிருக்கிறது, நேற்று கனவில் மோர் குடித்தது. நான் பின் பிரேக்கில் காலை வைத்து அழுத்தியபடியே கேட்டுக்கொண்டு இறங்குவேன்.

முன் பிரேக்கை நான் தொடுவதில்லை. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட காலத்தில் யாரோ சொன்னார்கள், முன் பிரேக்கைப் பிடித்தால் தலைகீழாகப் போய் விழுவாய் என்று. எங்கள் பக்கம் பாதிப் பேர் அந்தப் பிரேக்கைத் தளர்த்தியே வைத்திருப்பார்கள். இறக்கம் முழுக்கப் பின் சக்கரத்தின் தலையில்தான்.

போன ஐப்பசிக்கு முன்னால், புதூர்நாடு ரோட்டில் ஒரு சாயங்காலம், ஜீப் ஓட்டுகிறவர் ஒருத்தர் எங்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர்தான். வாய் சும்மா இருக்காது.

"இன்னா மில்லுக்காரரே, பின்னாடி டயரு வழுக்கையாயிடுச்சு. உன் தலைக்கும் அதுக்கும் போட்டியா?"

"அவரு தலையில இன்னும் கொஞ்சம் கீது" என்றாள் இவள்.

"சிரிக்காதீங்க அண்ணி. மழை ஆரம்பிச்சா இது வளைவுல உங்க ரெண்டு பேரையும் உருட்டி வுட்டுடும். பாருங்க, ஒரு மாசம் கூட தாங்காது."

"ஒரு மாசம் வந்தா போதும்" என்றாள்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இறங்கும்போது, இன்ஜின் அணைந்து கொஞ்ச நேரம் ஆன பிறகு, "இன்னாங்க" என்றாள்.

"சொல்லு."

"அந்தத் தம்பி சொல்லிச்சே, டயரு."

"ம்."

"மாத்த வாணாங்க. இது போற வரைக்கும் போய்ட்டு வருவோம். அதுக்கு மேல என்னால ஆவாது."

"இன்னா ஆவாது?"

"இந்தப் போறது வர்றது. ஊசி. தாகம். எல்லாந்தான்."

"டாக்டர் அப்படிச் சொல்லலியே."

"டாக்டரா படுக்கறாரு?"

நான் பிரேக்கை அழுத்தினேன். வளைவு வந்தது, திரும்பினேன். தடுப்புச் சுவரின் மேல் ஒரு குரங்கு உட்கார்ந்து குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. என்ன சொல்ல வேண்டும் என்றும் ஓரளவு தெரிந்தது. அடுத்த வளைவுக்கு ஹாரன் அடித்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவளே, "அந்தக் குரங்கப் பாத்தீங்களா, மொதலாளியம்மா மாதிரி குந்திக்கினு கீது" என்றாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்துபோனது.

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் ஒன்றைச் சொன்னால் செய்கிறவள்.

அதற்குப் பிறகு காலையில் டயருக்குள் விரலை விடுவது வேறு வேலையாகிவிட்டது. பள்ளத்துக்குள் சின்னச் சின்ன மேடு இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்தால் டயர் முடிந்தது என்று அடையாளம். நடுவில் கிட்டத்தட்ட சமம். ஓரங்களில் இன்னும் இருந்தது. நான் ஓரத்திலேயே விரலை வைத்துப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

டயரைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்தேன். காற்றை அதிகமாக அடித்தேன், கல்லு மாதிரி இருந்தால் தேயாது என்று. இன்னும் மெதுவாக இறங்கினேன், அதாவது இன்னும் அதிகமாகப் பின் பிரேக்கை அழுத்தினேன். மில்லில் சாமை மூட்டைக்காரர்கள் வந்து நின்றால் கூட, வண்டியை எடுக்காமல் நடந்து போய்ப் பேசினேன். டயர் முன்னைவிட வேகமாகத் தேய்ந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவளை மிஷினில் படுக்க வைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு திருப்பத்தூரில் டயர் கடை ஒன்றுக்குப் போனேன். மாற்ற வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாள். பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. போகிற வழியெல்லாம் இதையே எனக்குச் சொல்லிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் பாய். வாணியம்பாடிக்காரர், தாடி பாதி வெளுத்தவர். கடைக்கு முன்னால் டயர்களைத் தூண் மாதிரி அடுக்கி, நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பாய், ரொம்ப நாள் வர்ற மாதிரி பின் டயர் வேணும்."

"எத்தினி நாளு வரணும் தம்பி?"

நான் அடுக்கியிருந்த டயர்களை எண்ண ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கேள்வி கஷ்டமா கேட்டுட்டனா? வண்டி எங்க ஓடுது, எவ்ளோ ஓடுது, அத்த சொல்லு."

சொன்னேன். புதூர்நாடு, மலை ரோடு, வாரம் இரண்டு தடவை, இரண்டு பேர். எதற்கு என்று சொல்லவில்லை. அவர் மூன்று டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார்.

"இது கெட்டி. ஹைவேல போறவங்க போடுவாங்க. நீ தேச்சாலும் தேயாது, திட்டினாலும் தேயாது. ஆனா உன் மலையில மழை பேஞ்சா சோப்பு மேல நிக்கற மாதிரி. இது மெத்து. பல்லி மாதிரி ஒட்டும். சீக்கிரம் கரைஞ்சிடும். இது நடுவுல கெட்டி, ஓரத்துல மெத்து. நேரா போறப்ப கெட்டியில போற, வளைவுல சாயறப்ப மெத்து புடிச்சுக்கும்."

எனக்கு இது புரியும். மில்லில் மோட்டாருக்கும் மிஷினுக்கும் நடுவே ஓடுகிற பெல்ட்டிலும் இப்படித்தான். கெட்டி பெல்ட் வருஷக்கணக்கில் வரும், ஈரக் காலத்தில் வழுக்கும். மெத்தான பெல்ட் பிடித்துக்கொள்ளும், ஆனால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நான் மூன்றையும் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். பக்கவாட்டில் எந்த வருஷம் செய்தது என்கிற எண்ணைத் தேடிப் பார்த்தேன். ஒரே டயரை இரண்டாவது தடவையும் பார்த்தேன்.

"பொண்ணு பாக்க வந்தவன்கூட இவ்ளோ பாக்க மாட்டான்பா" என்றார் பாய்.

"கெட்டியே குடுங்க."

"கெட்டியா? மலைக்கா? நீ டயரு வாங்கறியா, இல்ல எதுனா வேண்டுதலா?" என்று சொல்லிக்கொண்டே எழுந்து வண்டியிடம் போனார். பின் டயரைப் பார்த்தார். குனிந்து முன் டயரைப் பார்த்தார். மறுபடி பின்னால் வந்தார்.

"ரெண்டும் எப்ப மாத்தின?"

"ஒண்ணா."

"முன்னாடி இருக்கறது கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்குது. பின்னாடி இருக்கறது அவனுக்குத் தாத்தா. நீ முன் பிரேக்கே புடிக்கறது இல்ல, சரியா?"

"இல்ல பாய்."

"இறங்கறப்ப இன்ஜின் ஓடுதா?"

"ஆஃப் பண்ணிடுவேன்."

"அரே, அப்புறம் எந்தக் கம்பெனி டயரு தாங்கும்? மொத்த மலையையும் ஒத்தக் கால்ல புடிச்சு இழுத்துட்டு இறங்கற. இன்ஜின் ஓடட்டும், ரெண்டாவது கியர்ல வுடு, அதுவே பாதி புடிச்சுக்கும். மீதிய முன்னாடியும் பின்னாடியும் பிரிச்சுக் குடு. காத்து வேற கல்லு மாதிரி அடிச்சு வெச்சிருக்க. நடுவு மட்டும் தரையில படுது, நடுவு மட்டும் தேயுது. பெட்ரோல மிச்சம் புடிச்சு டயருக்குக் குடுக்கறியா?"

"பெட்ரோலுக்கு இல்ல பாய். இன்ஜின் ஓடினா அவ பேசமாட்டா."

"யாரு?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மிஷின், துண்டு, டயர் போகும் வரைக்கும் என்று அவள் சொன்னது. வேறு யாருடைய விஷயத்தையோ சொல்வது போலத்தான் சொன்னேன், குரல்கூட மாறவில்லை. பாய் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் எதிர்க் கடைக்கு இரண்டு விரலைக் காட்டினார், டீ வந்தது.

"பேசணும்னா எங்கயாவது வண்டிய நிறுத்திட்டு பேசு தம்பி" என்றார். "நின்னு பேசினா டயரு தேயாது."

இதை நான் ஏன் ஒரு நாளும் யோசிக்கவில்லை என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி நேரத்துக்குப் போக வேண்டும் என்பது ஒன்றுதான் என் தலையில் ஓடிக்கொண்டிருந்தது.

"அவளைக் கேக்காம டயர் மாத்த முடியாது பாய்."

"டயரு வாங்கப் பொண்டாட்டிய கேக்கற மொத ஆளு நீதான். சரி, கூட்டிட்டு வா. பின்னாடி உக்காரறது அவங்கதான். ஆனா இன்னிக்கி வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் போய்டுவேன். ரெண்டரைக்கு மேல வா."

மூன்று மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஏன் இங்கே நிறுத்தினேன் என்று அவள் கேட்கவில்லை. டயர் தூண்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பாய் தன் நாற்காலியைத் துடைத்து, நிழலில் போட்டார்.

"உக்காருங்க தங்கச்சி. டீ வாணாம்ல உங்களுக்கு?"

"வாணாம் பாய்." அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ எல்லாம் சொல்லியாச்சு."

நான் தரையைப் பார்த்தேன். கடைத் தரை முழுக்க ரப்பர் தூள்.

"இவரு எந்த டயரு கேட்டாரு?" என்று அவள் பாயைக் கேட்டாள்.

"கெட்டி. மழையில வழுக்கும்னு சொன்னேன். பரவாயில்லன்றாரு."

"ஏன் பரவாயில்ல?"

"ரொம்ப நாளு வருதாம்."

அவள் வலது கையால் இடது கையின் பிளாஸ்திரியை ஓரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்கு அப்பறமும் வரும் அது" என்றாள்.

 பாய் கெட்டி டயரைக் காலால் தள்ளித் தூணோடு சாய்த்து வைத்தார்.

"டயருக்கு கேரண்டி நான் தருவேன் தங்கச்சி. ஆளுக்கு கேரண்டி தர்ற கடை எதுனா தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க. நானும் சுகர்காரன். வூட்ல தினமும் திட்டு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இருமல் வரும், இருமினாள்.

"வழுக்கறது வாணாம்" என்றாள் பிறகு. "இவரு பயந்த ஆளு. வழுக்குச்சுன்னா வண்டிய போட்டுட்டு எம்பேரச் சொல்லிக் கூவிக்கினு நிப்பாரு. நான் இருந்தாலும் இல்லாட்டியும் இவரு இந்த மலையில ஏறி எறங்கணும்."

"அப்போ இது" என்று பாய் மூன்றாவதைத் தட்டினார். "நடுவுல கெட்டி, ஓரத்துல மெத்து. ரொம்ப நாளும் வரும், புடிக்கவும் புடிக்கும். ஆனா உங்க வூட்டுக்காரரு இன்ஜின ஓட்டிக்கினு எறங்கணும். இல்லன்னா இதையும் சப்பிப் போட்டுடுவாரு."

"இன்ஜின ஏன் நிறுத்தறாருன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

பாய் என்னைப் பார்த்தார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "நீ பேசுவேன்னு" என்றேன்.

"எனக்குத் தலை வலிக்குதுன்னு நிறுத்தறீங்கன்னு நெனச்சேன்."

"அதுக்குத்தான் மொதல்ல."

"இன்னா மனுசனோ" என்றாள். "என்கூட பேசறதுக்காக ஒரு டயரயே தின்னுட்டு நிக்கறீங்க." கோபமாகச் சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பாயைப் பார்த்து, "போடுங்க" என்றாள்.

போடச் சொன்னாள். அதற்கு அர்த்தம் என்ன என்று நான் அப்போது யோசிக்கவில்லை. சக்கரத்தைக் கழற்றுகிறார்கள், நட்டை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டயரின் பக்கத்தில் ஓடுகிற திசைக்கு ஓர் அம்புக்குறி போட்டிருக்கும். அது சரியான பக்கம் இருக்கிறதா என்று கேட்டேன். மறுபடியும் கேட்டேன். மூன்றாவது தடவை கேட்க வாயெடுத்ததும் பாய், "தங்கச்சி, இவர இங்க வுட்டுட்டுப் போறீங்களா? கடைக்குக் காவலுக்கு ஆளு வேணும்" என்றார்.

"மில்லுக்கே காவல்தான் இருக்காரு" என்றாள்.

வேலை முடிந்தது. கழற்றின பழைய டயரை எடுத்து நான் பெட்டிக்கு மேல் வைத்துக் கயிறு போட ஆரம்பித்தேன். எங்கள் மலையில் பழைய டயரை யாரும் கடையில் விட்டுவிட்டு வருவதில்லை. தகரக் கூரையைக் காற்று தூக்காமல் இருக்க மேலே போட்டு வைப்போம். எந்த வீட்டுக் கூரையைப் பார்த்தாலும் ஒன்றிரண்டு டயர் கிடக்கும். இது இன்னாருடைய ஜீப்புடையது, இது இன்னாருடைய பழைய பைக்குடையது என்று கீழே நின்றே சொல்லிவிடலாம். என் கை அதன் போக்கில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது.

"அத்த இங்கியே வுட்டுட்டு வாங்க" என்றாள்.

"கூரைக்கு ஆவும்மே."

"வாணாம். அது நம்ம வூட்டு மேல கெடக்க வாணாம்."

முடிச்சை அவிழ்த்தேன். டயரைக் கொண்டுபோய்க் கடை ஓரத்தில் மற்ற பழைய டயர்களோடு போட்டேன். போட்ட பிறகு எது என்னுடையது என்று தெரியவில்லை.

புது டயர் முதலில் வழுக்கும், மேலே மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கும், கொஞ்ச நாள் சாய்த்து ஓட்டாதே என்று பாய் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் அன்றைக்கு மலை ஏறியது நடந்து போவது போலத்தான். அவள் பின்கம்பியில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்கு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சக்கரம் பொருத்தின நட்டு இறுகியிருக்கிறதா என்கிற எண்ணம்தான் வந்தது. வீட்டுக்கு வந்ததும் டார்ச் அடித்து அதைப் பார்த்தேன். சாப்பிட்டேன். படுத்தேன்.

அந்தத் திங்கள்கிழமை அவள் போர்வையை மடித்துப் பெட்டியில் வைக்கவில்லை. எப்போதும் முந்தின நாளே மடித்து வைத்துவிடுவாள். நான் பார்த்தும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். மில்லில் அன்றைக்கு நிறைய சாமை வந்திருந்தது. சாயங்காலம் வரைக்கும் ஓட்டினேன். மாற்ற வேண்டிய பெல்ட் ஒன்றை மாற்றாமலே ஓட்டினேன், அது அறுந்தும் போகவில்லை.

செவ்வாய் காலை அவள் கையில் விரலை வைத்தேன். அதிர்ந்தது. கண்ணைத் திறக்காமலே, "இன்னும் ஓடுதா?" என்றாள். "ஓடுது" என்றேன். வெளியே வந்து டயரைப் பார்த்தேன். நகம் முழுசாகப் புதைந்தது, பார்க்க ஒன்றுமில்லை. உள்ளே திரும்பி வந்தபோது அவள் எழுந்து போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு இன்ஜினை அணைக்காமல் இறங்கினேன். இரண்டாவது கியரில் வண்டி உறுமிக்கொண்டே, யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இறங்கியது. முதல் வளைவில் முன் பிரேக்கை இரண்டு விரலால் தொட்டேன். தலைகீழாகப் போகவில்லை. வண்டி கொஞ்சம் தலையைக் குனிந்தது, அவ்வளவுதான். பின்னால் இருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. வந்திருந்தாலும் கேட்டிருக்காது. அடுத்த வளைவிலும் வரவில்லை. அவள் இருக்கிறாளா என்று கண்ணாடியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். முக்காட்டை இழுத்துக் காதை மூடியிருந்தாள்.

பாதி இறக்கத்தில், ஜீப்கள் ஒதுங்குவதற்காகக் கொஞ்சம் அகலமாக விட்டிருக்கும் ஓர் இடம் உண்டு. அங்கே வந்தபோது என் தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள். நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். காது கொஞ்ச நேரம் இரைந்துகொண்டே இருந்தது. அவள் இறங்கிப் போய்த் தடுப்புச் சுவரின் மேல் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். கீழே அடிவாரத்து ஊர்கள் மழை மூட்டத்தில் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் இருந்தன.

"தலைய வலிக்குதா?" என்றேன்.

"வலிக்குது. பாய் சொன்னாரே, நின்னு பேசுன்னு. அதான் நிறுத்தச் சொன்னேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதான் தூக்கத்துல சொல்றீங்களே. நின்னு பேசினா தேயாது பாய், நின்னு பேசினா தேயாது பாய்னு. தூங்க வுட்டாத்தானே."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பேசுவதற்காகத்தான் நின்றோம். நான் சொல்ல வேண்டியதை மனதுக்குள் தேடினேன். அன்றைக்குக் குரங்கைப் பார்த்தபோது இருந்த அதே வெறுமைதான். வந்தது ஒன்றே ஒன்று.

"இந்த டயரு ரொம்ப நாளு வரும்மே."

அவள் வண்டியைப் பார்த்தாள். புது ரப்பரில் ஓரம் இன்னும் மினுமினுவென்று இருந்தது, நடுவில் மட்டும் மங்க ஆரம்பித்திருந்தது.

"இந்தத் தடவ டயரப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல" என்றாள். "முடியலன்னா முடியலன்னுதான் சொல்லுவேன். அன்னிக்கி நீங்க என்னைப் புடிச்சு இழுக்கக்கூடாது."

"சரி."

"இன்னிக்கி சொல்லல."

"சரி."

மழை ஒரு துளி சுவரில் விழுந்தது, பக்கத்தில் இன்னொன்று. அவள் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க, போலாம். லேட்டா போனா பெட்ட வேற யாருக்காவது குடுத்துடுவாங்க."

நான் வண்டியை எடுத்தேன். சந்தோஷமாக இருந்தது என்று எழுதலாம், எழுதினால் பொய். ரோடு நனைகிறது, டயரில் மெழுகு இன்னும் போகவில்லை, அடுத்தது கொண்டை ஊசி வளைவு, இவ்வளவுதான் எனக்குள் இருந்தது. இரண்டு பிரேக்கையும் சமமாகப் பிடித்து, இரண்டாவது கியரில், மெதுவாக இறங்கினேன்.